‘தோடு வரை’ன்னா தோடும் சேத்தியா? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது பேச்சுவாக்குல, ராத்திரி கடை சாத்துன பொறவு நான் பூட் லோடர் ஆவணத்துல திருத்தம் பாத்துக்கிட்டு இருப்பேன்னு ஒரு வரி விட்டுட்டேன், அதுக்கு வந்த கடுதாசிதான் இந்த மாசம் முழுக்க. ஹார்ட் டிஸ்க் சத்தம் போடுது, சார்ஜர் சூடாவுதுன்னு கேட்டவங்க கோச்சுக்கிடாதீங்க, அதெல்லாம் அடுத்த தடவை. நான் சொன்ன ஆவணம் பேரு மல்டிபூட் ஸ்பெசிஃபிகேஷன், லினக்ஸ்காரங்க கம்ப்யூட்டர் போட்ட உடனே பாக்கிற க்ரப்புங்கிற கருப்பு மெனு இருக்குல்லா, அதோட கூடப்பொறந்தது.

அண்ணே, பூட் லோடர்னா ஓ.எஸ்ஸை ஏத்தி விடுற ஒரு சின்ன ப்ரோக்ராம், அது தெரியும். அதுக்கு எதுக்கு ஒரு ஸ்டாண்டர்டு, ஸ்டாண்டர்டுக்கு எதுக்கு இத்தனை பக்கம்?
– தக்கலையிலிருந்து ஒரு காலேஜ் மாணவர்

தம்பி, விடியக்காலம் கொளச்சல் கடப்புறத்துல நின்னு பாத்திருக்கியளா? வள்ளத்தை அலைக்குள்ள தள்ளி விடுவாங்க, நாலஞ்சு பேரு தோள் குடுத்து, அலை தாண்டுற வரைக்கும் அவங்க பாடு. தாண்டியாச்சுன்னா தள்ளுனவங்க கரையில, வள்ளம் கடல்ல, பொறவு தண்ணிக் கேன் எங்க வச்சிய, டீசல் எவ்வளவு இருக்குன்னு கூவுனா யாருக்கும் கேக்காது. பூட் லோடர் வேலையும் இதேதான், டிஸ்க்ல கெடக்கிற கெர்னலை, அதாவது ஓ.எஸ்ஸோட மையப் பகுதியை, மெமரிக்குள்ள கொண்டு வச்சு, மெஷினை ஒரு நெலைக்குக் கொண்டு வந்து, கெர்னலோட முதல் வரிக்கு ஒரே குதி, அதோட லோடர் கதை முடிஞ்சுது. கெர்னல் திரும்பி வந்து மெமரி எவ்வளவு இருக்குன்னு கேக்க முடியாது. அதனால வள்ளத்துக்குள்ள என்ன இருக்கும், எந்த மூலையில இருக்கும்னு முன்கூட்டியே பேசி வைக்கணும், ஆனா பேசுற ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாக்கப் போறதே இல்ல, லோடர் எழுதுனவரு எங்கயோ, கெர்னல் எழுதுறவரு இருவது வருஷம் கழிச்சு தக்கலை ஹாஸ்டல்ல. ரெண்டு பேருக்கும் எடையில உள்ள ஒரே பேச்சு அந்த ஆவணம்.

1995ல எரிக் போலின்ங்கிறவரு, யூட்டா யூனிவர்சிட்டியோட மாக் 4 மைக்ரோகெர்னலை வச்சு, க்னூங்கிற கட்டற்ற மென்பொருள் திட்டத்தோட ஓ.எஸ்ஸான ஹர்டை பூட் பண்ணப் பாத்தாரு. அப்பம் பிசி உலகத்துல ஓ.எஸ்ஸுக்கு ஓ.எஸ் பூட் முறை வேற, ஒண்ணு மத்ததோட ஒத்துப் போவாது. அந்தக் கூட்டத்துல இன்னொண்ணையும் சேக்காண்டாம்னு அவரும் ப்ரையன் ஃபோர்டும் சேந்து வகுத்ததுதான் மல்டிபூட். அதுக்கு ஏத்த மாதிரி ஃப்ரீபிஎஸ்டியோட லோடரைத் திருத்தப் பாத்தாரு போலின், அது பெரும்பாடுன்னு தெரிஞ்ச பொறவு சொந்தமா ஒண்ணு எழுதுனாரு, அதுதான் க்ரப். ஒப்பந்தம் முதல்ல, ப்ரோக்ராம் பொறவு, இதை ஞாபகம் வச்சுக்கிடுங்க. 1999ல கோர்டன் மாட்சிகைட்டும் யோஷினோரி ஒகுஜியும் க்ரப்பை க்னூ திட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க, இன்னைக்கும் அங்கதான் இருக்கு.

நானே ஒரு சின்ன கெர்னல் எழுதினேன் அண்ணே, நேத்து வரைக்கும் பூட் ஆச்சு, இன்னைக்கு ‘மல்டிபூட் ஹெடர் காணல’ன்னு க்ரப் சொல்லுது. ஹெடர் கோடுல இருக்கு, கண்ணால பாக்கேன். ஆவணம் தப்பா, நான் தப்பா?
– மார்த்தாண்டம் வாசகர்

நேத்துக்கும் இன்னைக்கும் எடையில கோடு வளந்திருக்கும் மக்கா, அதுதான் விஷயம். ஹெடர், அதாவது இது மல்டிபூட் கெர்னல்னு லோடருக்குக் காட்டுற அடையாளத் துண்டு, ஓ.எஸ் இமேஜோட முதல் 8192 பைட்டுக்குள்ள முழுசா இருக்கணும்னு ஆவணம் சொல்லுது, 4ஆல வகுபடுற எடத்துல ஆரம்பிக்கணும்னும் சொல்லுது. நீங்க ஹெடரை மத்த டேட்டாவோட கலந்து போட்டிருப்பீங்க, எல்லாத் துண்டையும் ஒரே ஃபைலா கோக்கிற லிங்கர், கோடை முதல்ல வச்சுட்டு டேட்டாவைப் பின்னாடி தள்ளிருக்கும், கோடு சின்னதா இருந்த வரைக்கும் ஹெடர் 8192க்குள்ள தப்பிச்சுக் கெடந்துச்சு, நேத்து ராத்திரி நீங்க ரெண்டு ஃபங்ஷன் சேத்தீங்க, வெளிய போயிட்டு. ஹெடருக்குத் தனியா ஒரு செக்ஷன் பேரு வச்சு, லிங்கர் ஸ்க்ரிப்டுல அதை எல்லாத்துக்கும் முன்னாடி நிறுத்துங்க. நிறுத்துன பொறவு க்ரப்-ஃபைல்னு ஒரு கமாண்டு இருக்கு, அதை வச்சுப் பாருங்க, அது வாயைத் தெறக்காது, எக்ஸிட் ஸ்டேட்டஸ் 0 வந்தா சரி, 1 வந்தா இன்னும் காணல.

எனக்கு இதே பாட்டுல மூணு ராத்திரி போச்சு, எனக்குப் போன காரணம் வேற. ‘இமேஜோட முதல் 8192 பைட்’டுன்னு வாசிச்சதும் நான் மெமரியில ஏறுன பொறவு உள்ள முதல் 8192ன்னு நெனச்சுட்டேன், மெமரி அட்ரஸைப் போட்டு போட்டு கணக்குப் பாத்தா எல்லாம் சரியா வருது, க்ரப் மட்டும் காணல காணலன்னு நிக்குது. மூணாவது ராத்திரி ஒண்ணரை மணிக்கு ஆவணத்தோட ஆரம்பத்துக்குப் போனா, சொல் விளக்கப் பகுதியில, யாரும் வாசிக்காத அந்த ஒரு பக்கத்துல, ஓ.எஸ் இமேஜுன்னா லோடர் மெமரிக்கு ஏத்துற பைனரி ஃபைல்னு தெளிவா எழுதிப் போட்டிருக்கு. ஃபைல். மெமரி இல்ல. ஆவணம் சரி, நான்தான் வாசலைத் தாண்டிக் குதிச்சுப் போனவன். ஆனா ஒண்ணு சொல்லணும், 8192ன்னு எழுதுன அந்த வரியிலயே ‘ஃபைலோட’ன்னு ஒரு சொல் கெடந்திருந்தா எனக்கு அந்த மூணு ராத்திரி மிச்சம். ஆவணத்தைத் தெளிவுபடுத்துறதுன்னு நான் சொல்லுதேனே, பாதி நேரம் அது இவ்வளவு சின்ன வேலைதான்.

ஹெடருக்குள்ள முதல் எண், பதினாறடிமான எழுத்துல (0லேருந்து 9, பொறவு ஏலேருந்து எஃப்) ஒன், பி, ஏ, டி, பி, ஜீரோ, ஜீரோ, டூ. சேத்து வாசிச்சா ‘ஒன் பேட் பூட்’ மாதிரி கேக்கும், மறக்காது. லோடர் குதிக்கும்போது இஏஎக்ஸ் ரெஜிஸ்டர்ல (ப்ராசஸருக்குள்ள உள்ள ஒரு சின்ன எண் பெட்டி) வச்சுட்டுப் போற எண்ணு டூல ஆரம்பிக்கும், ‘டூ பேட் பூட்’. ரெண்டையும் மாத்திப் போடுறவங்க எக்கச்சக்கம். நம்ம எண்ணுல எழுதுனா முதலாவது 464367618. அடுத்தது ஃப்ளாக்ஸ் (லோடர் கிட்ட கெர்னல் என்னென்ன கேக்குதுன்னு காட்டுற எண்), மூணாவது செக்சம் (கணக்கு சரியான்னு பாக்கிற எண்), மூணையும் கூட்டுனா 32 பிட்டுக்குள்ள பூஜ்யம் வரணும். ஃப்ளாக்ஸ் 0ன்னா செக்சம் 3830599678, கூட்டிப் பாருங்க, 4294967296 வரும், அது 2ஓட 32ஆவது அடுக்கு, அதனால 32 பிட்டுல பூஜ்யம் ஆயிடும். நீங்க ஃப்ளாக்ஸை 3ன்னு மாத்திட்டு செக்சமை மாத்தாம விட்டாலும் க்ரப் இதே ‘காணல’ பாட்டைத்தான் பாடும், அதையும் ஒருக்க பாத்துக்கிடுங்க. மல்டிபூட் ரெண்டாம் பதிப்புன்னா முதல் எண் வேற, எல்லை 32768 பைட், 8ஆல வகுபடணும், ஒண்ணோட கணக்கை மத்ததுல போட்டுராதீங்க.

நாப்பது வருஷம் பத்திரம் எழுதுனவன் நான். எழுதி ரிஜிஸ்டர் ஆயாச்சுன்னா ஆயாச்சு. நீங்க ஏற்கனவே உள்ள ஆவணத்துல ‘தெளிவுபடுத்துறேன்’னு கை வைக்கிறது சரியா? எழுதுனவன் ஒழுங்கா எழுதலன்னு அர்த்தமா?
– திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர்

ஐயா, உங்க கடுதாசிதான் இந்த மாசம் எனக்குப் பிடிச்சது, ஏன்னா இதை நான் எங்க வீட்டுப் பிரமாணத்தை, அதாவது சொத்துப் பத்திரத்தை, வச்சே சொல்லிரலாம். எங்க தாத்தா காலத்துப் பிரமாணம், கொல்லம் ஆண்டு 1118, அப்பம் நம்ம ஊரு திருவிதாங்கூர்ல, எழுத்து மலையாளம், 1956 நவம்பர்ல ஜில்லா இந்தப் பக்கம் சேந்த பொறவு வீட்ல அதை வாசிக்கத் தெரிஞ்ச ஆள் ஒவ்வொருத்தரா கொறைஞ்சுட்டு. அதுல தெக்கு எல்லை ‘தோடு வரை’. மத்த ஜில்லா வாசகர்களுக்குச் சொல்லுதேன், தோடுன்னா காதுல போடுறது இல்ல, எங்க ஊர்ல ஓடை. இந்த ‘வரை’ தோட்டையும் சேத்தா, சேக்காமலா? தோட்டுக்கு நடுவுல கோடா, இந்தக் கரையில கோடா? அப்பா பங்கு வைக்கும்போது இந்த ஒரு சொல்லுக்காக ரெண்டு வருஷம் சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் பேசாம கெடந்தாங்க. எழுதுனவரு மோசம் இல்ல ஐயா, எழுதுன அன்னைக்கு அந்த ரெண்டு பேருக்கும் தெரியும், சொல்ல வேண்டிய தேவை இல்ல. தேவை வந்தது அவங்க ரெண்டு பேரும் போன பொறவு.

மல்டிபூட்ல அந்தத் ‘தோடு வரை’ என்னன்னு பாருங்க. மெமரியில எந்தெந்தப் பகுதி சும்மா கெடக்கு, எது எடுத்தாச்சுன்னு லோடர் கெர்னலுக்கு ஒரு பட்டியல் குடுக்கும், மெமரி மேப்புன்னு பேரு. ஒவ்வொரு வரியிலயும் முதல்ல ‘அளவு’ 4 பைட், பொறவு ஆரம்ப அட்ரஸ் 8, நீளம் 8, வகை 4. கூட்டுனா 24. ஆனா அளவுங்கிற எடத்துல வழக்கமா இருக்கிறது 20. ஏன்னா அந்த அளவு தன்னைத் தானே எண்ணாது, ஆவணத்துல அதை ‘மைனஸ் 4’ங்கிற எடத்துல போட்டு, வரி அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குதுன்னு படம் வரைஞ்சிருக்கும். முதல் தடவை வாசிக்கிற பிள்ளை 20ன்னு பாத்துட்டு 20 பைட் தாண்டும், தாண்டுனா எங்க போய் விழும்? முதல் வரியோட கடைசி எண், ‘வகை’, அதுல போய் விழும். சும்மா கெடக்கிற மெமரிக்கு வகை 1, அதை எடுத்து இதுதான் ரெண்டாவது வரியோட அளவுன்னு வாசிச்சு, அங்கேருந்து ஒரு பைட் தாண்டி, பொறவு கண்டதெல்லாம் குப்பை. தோடும் சேத்தியா இல்லியாங்கிற அதே வழக்கு.

இதோட நிக்கல. அதே ஆவணத்துல டிஸ்க் ட்ரைவ்களைப் பத்தி இன்னொரு பட்டியல் வரும், அங்கயும் ‘அளவு’ன்னு ஒண்ணு இருக்கு, அங்க அது தன்னையும் சேத்து எண்ணும். எப்படித் தெரியும்னா, இந்த அளவு, 10ஓட போர்ட் எண்ணிக்கையை ரெண்டால பெருக்கிக் கூட்டுனதுக்குச் சமமா இல்லாமலும் போகலாம்னு ஒரு குறிப்பு கெடக்கு, அந்த 10ஐப் பிரிச்சுப் பாத்தா அளவோட 4 பைட்டும் அதுக்குள்ள. ஒரே பிரமாணம், ஒரே சொல், ஒரு பக்கம் தோட்டைச் சேத்து, மறு பக்கம் சேக்காம. நான் இதை முதல்ல பாத்தப்பம் தட்டுப்பிழைன்னே நெனச்சேன், ரெண்டு எடத்தையும் ஒண்ணு போல ஆக்கிருவோம்னு திருத்தமும் எழுதிட்டேன், அனுப்புறதுக்கு முந்துன நாள் அந்த 10 கண்ணுல பட்டுச்சு, வேர்த்துப் போச்சு. அனுப்பியிருந்தா தெளிவுபடுத்துறேன்னு சொல்லி எல்லைக் கல்லைப் பிடுங்கி வேற எடத்துல நட்டவன் ஆயிருப்பேன்.

அதனால உங்க கேள்விக்கு நேர் பதில்: கை வைக்கலாம், கல்லு மேல வைக்கப்பிடாது. எங்க வழக்கு எப்படி முடிஞ்சுதுன்னா, அப்பா வயசானவங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு தோட்டுக்கே போனாரு, இந்தக் கரையில உள்ள தாழையை நம்ம வீட்ல வெட்டுவாங்க, அந்தக் கரைத் தாழையை அவங்க வெட்டுவாங்க, தோட்டுல எறங்கி யாரும் வேலி கட்டல. நடப்பு அதுதான், அதைத்தான் பொறவு பிழை திருத்தல் பத்திரத்துல எழுதுனாங்க. ஆவணத்துக்கும் அந்த வழிதான். க்ரப் என்ன செய்யுது, கியூஎமு என்ன செய்யுது (கியூஎமுன்னா கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற ப்ரோக்ராம், அதுக்கு மல்டிபூட் முதல் பதிப்பு கெர்னலை நேரடியாவே ஏத்தத் தெரியும்), கெர்னல் பக்கத்துல ஜென் ஹைப்பர்வைசர் (ஒரே மெஷின்ல பல ஓ.எஸ்ஸை ஓட்டுறது) மாதிரி உள்ளவங்க எதை நம்பி எழுதியிருக்காங்கன்னு போய்ப் பாக்கணும், எல்லாரும் ஒரே கரையில நின்னா அந்தக் கரையை எழுத்துல போடணும். ஆளுக்கு ஒரு கரையில நின்னாங்கன்னா அது தெளிவுபடுத்துற வேலையே இல்ல, வழக்கு, அதைத் தனியா பேசணும்.

ரெண்டாம் பதிப்புல இதை ஒழுங்கு பண்ணிட்டாங்க, அதையும் சொல்லணும். மெமரி மேப்புல ஒவ்வொரு வரிக்கும் அளவு போடாம, மேல ஒரே எடத்துல ‘ஒரு வரி இவ்வளவு’ன்னு போட்டாச்சு, அது 8ஆல வகுபடும். ஆனா அங்கயும் ஒரு சின்னத் தோடு உண்டு, தகவலெல்லாம் டேக் டேக்கா, தலைப்பு போட்ட சின்னப் பொட்டலமா வரும், டேக்கோட அளவு தன் தலைப்பையும் சேத்து எண்ணும், கடைசியில எடம் நெரப்புற வெத்து பைட்டை எண்ணாது. அளவு 13ன்னு இருந்தா அடுத்த டேக் 13ல இல்ல, 16ல. இதுவும் எழுத்துல இருக்கு, ஒரு வரியில, நீங்க கண்ணு சிமிட்டுனா போச்சு.

‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ மூணையும் தமிழ்ல எப்படிப் பிரிப்பீங்க? பிள்ளைங்க எல்லாத்தையும் ‘வேண்டும்’னு எழுதி வைக்குதுங்க.
– நாகர்கோவில், ஒரு தமிழ் டீச்சர்

டீச்சர், மல்டிபூட் ஆவணம் இந்த மூணையும் தன் சொல் விளக்கத்துலயே பிரிச்சு வச்சிருக்கு. மஸ்ட்டை மீறுனா நீ மல்டிபூட்டே இல்ல, ஷுட்டுன்னா செய்யுறது நல்லது ஆனா கட்டாயம் இல்ல, மேன்னா உன் இஷ்டம். இன்டர்நெட் ஸ்டாண்டர்டு எழுதுறவங்களுக்கும் இதே மாதிரி ஒரு சொல் கணக்கு உண்டு, 1997ல வந்த ஆர்எஃப்சி 2119. தமிழ்ல நான் ‘கட்டாயம் செய்யணும்’, ‘செய்யுறது நல்லது’, ‘செய்யலாம்’னு எழுதுதேன். ‘கட்டாயம்’ ஒவ்வொரு வரியிலயும் வரும், காதுக்கு நல்லாத்தான் இருக்காது, இருந்தாலும் விடப்பிடாது, ஏன்னா நம்ம பேச்சுல ‘செய்யணும்’ங்கிறது ரெண்டு பக்கமும் சாயும், ‘சாயா குடிச்சிட்டுப் போவணும்’னு சொன்னா குடிக்கலன்னா போலீசு வராதுல்லா.

இதை விடப் பெரிய வம்பு செயப்பாட்டு வினை, அது உங்க ஏரியா. ‘மதில் கட்டப்பட வேண்டும்’னு வாடகை ஒப்பந்தத்துல எழுதுனா யாரு கட்டணும்? வீட்டுக்காரனா, குடியிருக்கிறவனா? மழைக்காலம் வந்து மதில் விழுந்தாத்தான் சண்டை வரும். ஏ20 கேட்டு (1 எம்பிக்கு மேல உள்ள மெமரியை ஒழுங்கா எட்ட விடுற ஒரு பழைய பிசி வாசல்) தெறந்திருக்கணும்னு மல்டிபூட்ல இருக்கு, தனியா எடுத்து வாசிச்சா யாரு தெறக்கணும்னே தெரியாது, ஆனா அந்தப் பகுதியோட தலைவரியில, லோடர் ஓ.எஸ்ஸைக் கூப்பிடுற நேரத்துல மெஷின் இந்த நெலையில இருக்கணும்னு போட்டாச்சு, அதனால அது லோடர் தலையில. நான் ஒரு வரியைத் திருத்த எடுத்தா முதல்ல தேடுறது எழுவாயைத்தான், லோடரா, கெர்னலா. எழுவாய் வந்துட்டா பாதித் தெளிவு வந்தாச்சு.

‘வரையறுக்கப்படல’ன்னு ஒரு சொல்லும் இருக்கு, அன்டிஃபைண்டு. பிள்ளைங்க இதை ‘பூஜ்யம்’னு எடுத்துக்கிடுதுங்க, அது ‘என்னவும் இருக்கலாம், நம்பாதே’. நானும் அதுல விழுந்தவன்தான். ஸ்டாக்குன்னா ப்ரோக்ராம் தற்காலிகமா எழுதி வைக்கிற மெமரி, அது எங்கன்னு காட்டுற ஸ்டாக் பாயின்டர் என்னவும் இருக்கலாம், ஓ.எஸ் தனக்கு ஸ்டாக் வேணும்னதும் தானே உண்டாக்கிக்கிடணும்னு எழுதிப் போட்டிருக்கு, நான் லோடர் விட்டுட்டுப் போன ஸ்டாக்கே கெடக்கேன்னு அதுலயே ஏறி உக்காந்துட்டேன். கியூஎமுல ஜம்முனு ஓடிச்சு, கடையில கெடந்த பழைய டெஸ்க்டாப்புல போட்டா ரீஸ்டார்ட் ஆயிட்டே இருக்கு, ரெண்டு நாள் ரேம் மாத்தி மாத்திப் பாத்தேன், ரேம் பாவம்.

நல்லா எழுதுன ஒரு வரியையும் சொல்லிருதேன். செக்மென்ட் ரெஜிஸ்டரெல்லாம் லோடர் சரி பண்ணித் தந்திருக்கும், ஆனா அதுக்குப் பின்னாடி உள்ள, மெமரிப் பகுதிகளை விவரிக்கிற ஜிடிடி அட்டவணை செல்லாததா இருக்கலாம், அதனால ஓ.எஸ் தன் சொந்த அட்டவணையைப் போடுற வரைக்கும் அந்த ரெஜிஸ்டர்ல எதையும் ஏத்தப்பிடாது. இதோட நிறுத்தியிருந்தா, ‘நான் புதுசா எதையும் ஏத்தலியே, இருந்ததையே திருப்பிப் போட்டேன்’னு ஒருத்தன் வருவான்ல்லா? அதனால அடைப்புக்குள்ள, இருக்கிற மதிப்பையே திருப்பிப் போடுறதும் கூடாதுன்னு ஆச்சரியக்குறி வச்சு எழுதியிருக்கு. அந்த ஆச்சரியக்குறி சும்மா வந்திருக்காது டீச்சர், யாரோ ஒருத்தர் அப்படிச் செஞ்சு மண்டையை ஒடைச்சிருக்கணும்னு எனக்கு ஒரு எண்ணம். ஸ்டாண்டர்டு ஆவணத்துல ஆச்சரியக்குறி போடப்பிடாதுன்னு சொல்லுறவங்க உண்டு, நான் இதை எடுக்க விடமாட்டேன்.

எனக்கும் இதுல சேரணும். இங்கிலீஷ் ரொம்ப வராது, அசெம்பிளி கொஞ்சம் வரும். எங்க ஆரம்பிக்க?
– குழித்துறை வாசகி

தங்கச்சி, நீங்க முதல் தடவை வாசிக்கும்போது எங்க தட்டுச்சோ அந்த எடத்தை அன்னைக்கே குறிச்சு வைங்க, தேதி போட்டு. ஒரு மாசம் போனா அந்த வரி உங்களுக்கும் தெளிவாயிடும், பொறவு அதுல என்ன குழப்பம்னு உங்களுக்கே தெரியாது, எனக்கெல்லாம் இப்பம் தெரியுறதில்ல. அந்தக் கொழப்பம்தான் சரக்கு.

ஆவணத்தோட மூலம் டெக்ஸ்இன்ஃபோங்கிற வடிவத்துல கெடக்கு, க்ரப்போட கோடு இருக்கிற கிட் களஞ்சியத்துலயே தனிக் கிளையா. வெறும் எழுத்து ஃபைல், அட்-குறி போட்டு கட்டளை வரும், அரை நாள்ல பழகிரும். பேட்ச், அதாவது திருத்தம், போடும்போது ஒரு பேட்ச்சுக்கு ஒரு விஷயம். எழுத்துப்பிழையையும் அர்த்தத்தையும் ஒரே பேட்ச்சுல கலக்காதீங்க, பாக்கிறவரு பத்து கமாவுக்கு எடையில ஒளிஞ்சிருக்கிற ஒரு ‘மஸ்ட்’டைப் பாக்காம விட்டுருவாரு, அதுதான் ஆபத்து. பேட்ச்சுக்கு மேல குறிப்பு எழுதும்போது ‘இந்த வரியை மேம்படுத்தினேன்’னு எழுதுனா யாருக்கும் உபயோகம் இல்ல, ‘இந்த வரியை இப்படியும் வாசிக்கலாம், அப்படியும் வாசிக்கலாம், க்ரப் செய்யுறது ரெண்டாவது, அதனால இப்படி மாத்துதேன், நடப்புல மாத்தம் இல்ல’ன்னு எழுதுங்க. அந்தக் கடைசி மூணு சொல் இருந்தா பாக்கிறவருக்கு நிம்மதி. இங்கிலீஷ் சின்னச் சின்ன வாக்கியமா போதும், ஸ்டாண்டர்டுக்கு அதுதான் நல்லதும்கூட, அலங்காரமா எழுதுறவங்க கையில குடுத்தா ‘அளவு’ன்னு ஒரு எடத்துல, ‘நீளம்’னு மறு எடத்துல, ‘பரிமாணம்’னு மூணாவது எடத்துல எழுதி வச்சுருவாங்க, வாசிக்கிறவன் மூணும் வேற வேறன்னு நெனச்சு அலைவான். ஒரு பொருளுக்கு ஒரு சொல்லு, அலுத்தாலும் அதே சொல்லு.

அனுப்புன பொறவு பதிலுக்குக் காத்துக் கெடக்கணும். சில சமயம் வாரக்கணக்குல சத்தமே இருக்காது, அதுக்காக மனசு விட்டுராதீங்க, எல்லாரும் வேற வேலைக்கு எடையில பாக்கிறவங்க. ஒருக்க மரியாதையா ஞாபகப்படுத்தலாம்.

பூட் லோடர் ஸ்பெசிஃபிகேஷன்னு ஒண்ணு கேள்விப்பட்டேன். அதுவும் மல்டிபூட்டும் ஒண்ணா?
– ஆரல்வாய்மொழி வாசகர்

இல்ல, பேரு வச்ச விதம் அப்படி. அது யுஏபிஐங்கிற, லினக்ஸ்காரங்களுக்குப் பொது விதி எழுதுற குழு பராமரிக்கிறது, கெர்னலுக்குள்ள குதிக்கிற கதையே அதுல வராது, மெனுவுல என்னென்ன வரி வரணும்னு லோடர் எப்படித் தெரிஞ்சுக்கிடும்ங்கிறது அதோட பாடு. லோடர்-என்ட்ரீஸ் ஃபோல்டர்ல ஒரு கெர்னலுக்கு ஒரு சின்ன ஃபைல், அதுல தலைப்பு, கெர்னல் எங்க, இனிட்ஆர்டி (கெர்னல் முதல்ல பயன்படுத்துற தற்காலிக ஃபைல் தொகுப்பு) எங்க, ஆப்ஷன் என்ன, அவ்வளவுதான். 2019ல ஃபெடோரா 30 க்ரப்புலயும் இந்த முறைக்கு மாறிட்டு. ஃபைல் பேரோட கடைசியில ப்ளஸ் போட்டு எண் எழுதி, இன்னும் எத்தனை தடவை முயற்சி பண்ணலாம்னு எண்ணுற வழியும் உண்டு, எனக்கு அது பிடிச்ச யோசனை. காத்தாடி ஊருக்காரரு நீங்க, கரண்டு அடிக்கடி போவுமான்னு தெரியல, அப்டேட் எடையில நின்னு போன மெஷினுக்கு இது கொள்ளாம்.

இதுக்குக் காசு உண்டா?
– கொளச்சல்

எனக்கு இல்ல.

அண்ணாச்சி, உங்க ஆவணக் கதையெல்லாம் இருக்கட்டும், என் லேப்டாப் கருப்பா ‘க்ரப் ரெஸ்க்யூ’ன்னு எழுதிட்டு நிக்குது. மகளுக்கு நாளைக்கழிச்சு பரீட்சை.
– திங்கள்சந்தை வாசகர்

எடம் போதலன்னு ஏதோ ஒரு பார்ட்டிஷனை அழிச்சிருப்பீங்க, சத்தியமா. க்ரப் தன் மத்த ஃபைலெல்லாம் கெடக்கிற எடத்தைத் தேடிக் காணாம அங்க நிக்குது, டேட்டா போகல, பயப்படாதீங்க. எல்எஸ்னு அடிச்சா டிஸ்க்கும் பார்ட்டிஷனும் பட்டியலா வரும், ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி சாய்கோடு போட்டு எல்எஸ் அடிச்சு பூட்ங்கிற ஃபோல்டர் எதுல இருக்குன்னு பாருங்க, பூட்டையே தனிப் பார்ட்டிஷனா பிரிச்சு வச்சிருந்தா நேரா க்ரப்ங்கிற ஃபோல்டரே தெரியும். கண்டுபிடிச்சதும் செட் ப்ரிஃபிக்ஸ்னு அடிச்சு அந்த எடத்தைக் காட்டுங்க, பொறவு இன்ஸ்மாட் நார்மல், அதுக்குப் பொறவு நார்மல், மெனு வந்துரும். லினக்ஸுக்குள்ள போனதும் க்ரப்பை ஒருக்க திருப்பி இன்ஸ்டால் பண்ணணும், பண்ணலன்னா நாளைக்கும் இதே கதை. நீங்க அழிச்சது லினக்ஸ் பார்ட்டிஷனையேன்னா பூட் ஃபோல்டர் எங்கயும் இருக்காது, அப்பம் வேற ஒண்ணையும் தொடாம, எதையும் புதுசா காப்பி பண்ணாம, லேப்டாப்பை அணைச்சு அப்படியே வடசேரி பக்கம் கடைக்குக் கொண்டு வாங்க. சாயங்காலம் ஏழு வரைக்கும் இருப்பேன், ஞாயித்துக்கிழமை கடை இல்ல, சார்ஜரையும் எடுத்துட்டு வாங்க.